திருப்பதி போய் வந்தவர்கள்

நர்சிங் முடித்து நான் முதலில் வேலைக்குச் சேர்ந்தது, மரக்காணத்திலிருந்து பாண்டிச்சேரி போகும் ரோட்டில் கன்னியாஸ்திரிகள் நடத்திய ஒரு சின்ன ஆஸ்பத்திரியில். சுனாமி வந்த மறு வருஷம். பிரசவ வார்டில் போடுவார்கள் என்று நினைத்துக்கொண்டு போனேன். பிறந்த குழந்தையைத் துடைத்து, துணியில் சுற்றி, வெளியே காத்திருக்கிறவர்களிடம் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும், அவர்கள் சிரித்துக்கொண்டே சாக்லேட் தர வேண்டும். வெள்ளை கோட்டு தைக்கக் கொடுத்தபோதே அந்தச் சாக்லேட்டைப் போட்டுக்கொள்ளப் பை பெரிதாக வைக்கச் சொன்னவள் நான். என்னை ஆண்கள் ஆபரேஷன் வார்டில் போட்டார்கள்.

அந்த வார்டில் பாதிக் கட்டில்களில் ஒரே நோய்தான். எங்கள் கடற்கரைப் பக்கம் யானைக்கால் கொசு அந்தக் காலத்தில் அதிகம். சிலருக்குக் கால் வீங்கும். ஆண்கள் நிறையப் பேருக்கு விரை வீங்கும். டாக்டர் அதை ஹைட்ரோசில் என்பார், நாங்களும் கேஸ் ஷீட்டில் அப்படித்தான் எழுதுவோம். வந்தவர்கள் அதற்கு ஒரு பெயரும் சொல்ல மாட்டார்கள். "அடிவயித்துல ஒரு தொந்தரவுங்க" என்று சுவரைப் பார்த்துச் சொல்வார்கள். கைலிக்குள் வருஷக்கணக்காக மறைத்து, தேங்காய் அளவுக்கு ஆகி, சைக்கிள் ஏற முடியாமல் போன பிறகுதான் வருவார்கள்.

ஆபரேஷன் சின்னதுதான். அதற்கப்புறம் தினமும் காலையில் கட்டு மாற்ற வேண்டும், அது நர்ஸ் வேலை. இருந்த ஒரே ஆண் அட்டெண்டரை தியேட்டருக்கு இழுத்துக்கொண்டார்கள். மிச்சம் இருந்தது நான்.

படிக்கும்போது புத்தகத்தில் படம் பார்த்திருக்கிறேன். படம் நம்மைத் திருப்பிப் பார்க்காது. முதல் நாள் நான் தட்டை எடுத்துக்கொண்டு போய்த் திரையை இழுத்துவிட்டதும், அப்பா வயதுள்ள அந்த மனிதர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். எனக்கும் ஒரு துண்டு இருந்திருந்தால் மூடிக்கொண்டிருப்பேன். கை தவறி இடுக்கி கீழே விழுந்தது, அந்தச் சத்தத்தில் அவர் உடம்பு தூக்கிப் போட்டது. வேறு இடுக்கி எடுத்துவரப் போனவள் திரும்பி வராமலே பஸ் ஏறிவிடலாமா என்று யோசித்தேன். அன்று சாயங்காலம் வீட்டில் பைப்படியில் கை கழுவிக்கொண்டே இருந்ததைப் பார்த்து அம்மா, "என்னாடி, கைய அப்பிடிப் போட்டுத் தேய்க்கற, தோலு உரிஞ்சிடப் போவுது" என்றாள். மருந்து நாற்றம் என்று சொன்னேன்.

இரண்டாவது வாரமோ என்னவோ, கட்டை அவிழ்த்துக்கொண்டிருக்கும்போது ஒருவர் பேச்சுக் கொடுத்தார். "பாப்பா, நீ எந்த ஊரு? யாரு வூட்டுப் பொண்ணு?" நானும் மரியாதை கெட்டுப்போகக் கூடாதே என்று ஊரைச் சொன்னேன், அப்பாவைச் சொன்னேன். அவருக்கு அப்பாவைத் தெரிந்திருந்தது. உப்பு லாரியில் ஒன்றாக மூட்டை ஏற்றினவர்களாம். சொல்லி முடித்த நிமிஷம் அவர் கால் இரண்டையும் சேர்த்துக்கொண்டார். எவ்வளவு சொல்லியும் அன்று கட்டு மாற்ற விடவில்லை.

வார்டு இன்சார்ஜாக இருந்த கன்னியாஸ்திரி தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். என்னைக் கூப்பிட்டு நன்றாகத் திட்டினார். "இங்க வந்து ஊரு, உறவெல்லாம் என்னத்துக்குப் பேசுத? பாப்பான்னு கூப்பிட்டா அந்த மனுசன் எப்படிக் காலை அகட்டுவாரு? சிஸ்டர்னு கூப்பிடச் சொல்லு. வெளிய பஸ் ஸ்டாண்டுல பாத்தாலும் பாக்காத மாதிரி போயிரணும், கேட்டியா?" என்றார். எனக்கு அழுகை வந்தது. ஆனால் அவர் சொன்னது வேலை செய்தது. மறுநாளிலிருந்து நான் யார் வீட்டுப் பொண்ணும் இல்லை. திரையை இழுத்ததும் அறுபது வயதுக்காரரும் சிஸ்டர் என்பார், நானும் குரலை மாற்றிக்கொண்டு, "திரும்புங்க, காலை நகத்துங்க, அவ்ளோதான் முடிஞ்சுது" என்பேன். அந்த ஒரு வார்த்தை இல்லாவிட்டால் அங்கே ஒருத்தருக்கும் புண் ஆறியிருக்காது.

திருப்பதி விஷயத்துக்கு வருகிறேன். ஆபரேஷனுக்கு முன்னால் முடி வழிக்க ஒரு சவரத் தொழிலாளி ஆஸ்பத்திரிக்கு வருவார். கீழே வேலை முடிந்ததும் நிறையப் பேர், "அப்பிடியே தலையையும் எடுத்துடுப்பா" என்பார்கள். ஆரம்பத்தில் எனக்குப் புரியவில்லை. பொண்டாட்டிக்கும் கூட வந்த ஆளுக்கும் மட்டும்தான் உண்மை தெரியும். ஊரில், தெருவில், பெற்ற பிள்ளைகளிடம்கூட அவர்கள் சொல்லிவிட்டு வந்தது திருப்பதிக்குப் போகிறேன் என்று. திருப்பதி போனவன் முடியோடு திரும்பினால் எவன் நம்புவான்? வேதக்காரர்களாக இருந்தால் வேளாங்கண்ணி. அதற்கும் மொட்டைதான். சுவரில் மாதா படம், அதற்குக் கீழே வரிசையாக கோவிந்தா மொட்டைகள். கன்னியாஸ்திரிகள் யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். எதிர் டீக்கடையில் லட்டு நன்றாக விற்றது. டிஸ்சார்ஜ் ஆகிறவர்கள் ஆளுக்கு ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு, காலை அகட்டி வைத்து பஸ் ஸ்டாப்புக்கு நடப்பார்கள். பார்த்துப் பார்த்து எனக்குச் சிரிப்பு வரும். நாங்கள் நர்ஸ்கள் எங்களுக்குள், "இன்னிக்கு எத்தினி பேரு மலை எறங்கறாங்க?" என்று கேட்டுக்கொள்வோம்.

வேலைக்குப் போகும் பஸ் எங்கள் உப்பளத்தை ஒட்டித்தான் போகும். அப்பா அங்கே பாத்தி குத்தகைக்கு எடுத்திருந்தார். ஜன்னலிலிருந்து அவரைக் கண்டுபிடிப்பது சுலபம். மற்ற ஆண்கள் எல்லாரும் கைலியைத் தொடைக்கு மேல் ஏற்றிக் கட்டியிருப்பார்கள், இல்லாவிட்டால் டவுசர். அப்பா மட்டும் கணுக்கால் வரை இறக்கிவிட்டு உப்புத் தண்ணியில் நிற்பார். கைலியின் கீழ்ப்பாகம் உப்பேறி அட்டை மாதிரி விறைத்திருக்கும். துவைக்கிற அம்மா முணுமுணுப்பாள். "ஏம்பா, அளத்துக்குப் போறியா, கல்யாணத்துக்குப் போறியா?" என்று நான்கூடக் கிண்டல் செய்திருக்கிறேன். "போ கழுத" என்பார்.

அந்தச் சமயத்தில் எனக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். திண்டிவனம் பக்கம் ஒரு விவசாயக் குடும்பம். பையன் பாண்டிச்சேரியில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். ஜாதகம் பொருந்திவிட்டது, நர்ஸ் வேலை பார்ப்பதில் அவர்களுக்கு ஆட்சேபணை இல்லை என்று தரகர் சொல்லி, ஒரு ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வந்தார்கள். நான் காபித் தட்டோடு உள்ளேயிருந்து வந்து நிமிர்ந்து பார்த்தேன். பையனுக்குப் பக்கத்தில் அவனுடைய அப்பா. தலையில் குத்துக்குத்தாக அரை விரல்கடை முடி.

ஜன்னலோரக் கட்டில்காரர். ஆபரேஷன் ஆகி, புண்ணில் சீழ் வைத்து, மற்றவர்களைவிட நிறைய நாள் எங்கள் வார்டில் கிடந்தவர். நல்ல மனிதர். திரையை இழுக்கும் முன், "மன்னிச்சுக்கங்க சிஸ்டர்" என்பார். முடிந்ததும், "தேங்க்ஸ் சிஸ்டர்" என்பார். ஒரு நாள்கூடத் தவறியதில்லை. ஆஸ்பத்திரியில் கூட இருந்து பார்த்துக்கொண்டது அவருடைய தம்பி. அதனால் அவர் மனைவி என்னைப் பார்த்ததே இல்லை.

அந்த அம்மாள் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார். "இவுருதான், பையனுக்குக் கல்யாணம் கூடணும்னு வேண்டிக்கினு போன மாசம் திருப்பதி போயிட்டு வந்தாரு. என்னா கூட்டங்கறீங்க, கூண்டுல அடச்சு வெச்சிட்டாங்களாம், ராவெல்லாம் நின்னாராம்." நான் எல்லோருக்கும் காபி கொடுத்துக்கொண்டு அவரிடம் வந்தேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். டம்ளரை எடுத்தார். வாய் பழக்கத்தில், "தேங்க்ஸ் சிஸ்டர்" என்றது.

எல்லோரும் சிரித்தார்கள். "மாமனாரு இப்பவே சிஸ்டர்னு கூப்புட ஆரம்பிச்சிட்டாரு பாரு" என்று தரகர் எடுத்துக்கொடுத்தார். பையன்கூடச் சிரித்தான். அழகாகத்தான் சிரித்தான், எனக்குப் பிடித்திருந்தது, பொய் எதற்கு. அவர் மட்டும் வெளுத்துப்போய் காபியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிளாஸ்டிக் நாற்காலியின் ஓரத்தில் ஒருக்களித்து உட்கார்ந்திருந்தார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பட்டுப் புடவையைக் கட்டிக்கொண்டு, பூ வைத்துக்கொண்டு, அத்தனை பேர் நடுவில் நான்தான் துணியில்லாமல் நிற்பதுபோல இருந்தது. அந்த நேரத்தில் அப்பா எழுந்துபோய்த் தலையணையை எடுத்துக் கட்டிலில் போட்டு, "நாற்காலி வேணாங்க சம்பந்தி, இங்க வந்து காலை நீட்டி வசதியா உக்காருங்க" என்றார். மாப்பிள்ளை வீட்டாரை இப்படியா விழுந்து விழுந்து கவனிப்பது என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

பொருந்திய ஜாதகம் அந்த வாரத்திலேயே பொருந்தாமல் போனது. செவ்வாய் தோஷமாம், முன்னால் பார்த்த ஜோசியர் கவனிக்கவில்லையாம். தரகர் தலையைச் சொறிந்துகொண்டு சொல்லிவிட்டுப் போனார்.

அவர் பக்கத்து நியாயம் எனக்குப் புரியாமல் இல்லை. தினமும் காலையில் காபி கொண்டுவந்து கொடுக்கப்போகிற மருமகள், தன்னைத் துடைத்துக் கட்டுப் போட்டவள் என்றால் அந்த மனிதர் எப்படித் தலை நிமிர்ந்து உட்காருவார்? எல்லாம் சரி. ஆனால் ஊர் அதையா பேசியது? பைப்படியில் ஒருத்தி என் காதுபடவே, "நர்சு வேலைன்னா சும்மாவா, ஆம்பளைங்கள தொடற கையி. ஏதோ கேள்விப்பட்டுத்தான் வுட்டுட்டாங்க" என்றாள். குடத்துத் தண்ணீரை அவள் தலையில் ஊற்றியிருக்க வேண்டும். ஊற்றவில்லை. குடத்தைத் தூக்கிக்கொண்டு, தப்புச் செய்தவள் மாதிரி குனிந்துகொண்டு வீட்டுக்கு வந்தேன். வெட்கம் அவருடையது. பழி என் தலையில்.

வீட்டில் அம்மா ஆரம்பித்துவிட்டாள். முதலில் அந்தக் குடும்பத்தை ஏசினாள், அந்த மனிதரை ஏசினாள். "திருப்பதி போய்ட்டு வந்தானாம் திருப்பதி, வந்து ஒரு பொட்டப் புள்ள வயித்தெரிச்சல கொட்டிக்கினானே." அப்புறம் என் பக்கம் திரும்பினாள். "நாளையிலேருந்து நீ வேலைக்குப் போவாத. அந்த ஆஸ்பத்திரில நீ இருக்கற வரைக்கும் இந்த வூட்ல ஒரு நல்லதும் நடக்காது."

என் வேலை போகப்போகிறது. படித்த மூன்று வருஷமும் போகப்போகிறது. அதைக் காப்பாற்ற எனக்கு ஒரு வாக்கியம் போதும். அந்த ஆளுக்கு நான்தான் கட்டுக் கட்டினேன், அந்த வெட்கத்தில் ஓடிவிட்டார் என்று சொன்னால் முடிந்தது. அம்மா அதைப் பைப்படி வரைக்கும் கொண்டுபோய் என் பெயரைக் கழுவிவிடுவாள். வாயைத் திறந்துவிட்டேன். துண்டால் மூடின முகம் நினைவுக்கு வந்தது. இன்சார்ஜ் சிஸ்டர் நினைவுக்கு வந்தார். நாக்கைக் கடித்துக்கொண்டு அழுதேன். அழுததும் அம்மாவுக்கு வேறு சந்தேகம் வந்துவிட்டது. "என்னாடி பண்ணித் தொலச்ச?" என்றாள். அதைக் கேட்டு நான் வெட்கப்பட்டது போல வாழ்க்கையில் வேறு எதற்கும் பட்டதில்லை.

அதுவரை பேசாமல் இருந்த அப்பா சொன்னார். "அந்த மனுஷன ஒண்ணும் சொல்லாத. அவருக்கு என்னா கஷ்டமோ. அவ வேலைக்குப் போவட்டும். நான் பாத்துக்கறேன்."

"எப்பிடிப் பாத்துப்ப? நீ எப்பிடிப் பாத்துப்ப?" என்று அம்மா கத்தினாள். அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். பெற்ற பெண் பெயர் சந்தியில் கிடக்கிறது, இந்த மனுஷன் அந்த ஆளுக்குப் பரிந்து பேசுகிறாரே என்று எனக்கு ஆத்திரம். ரொம்ப நாள் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. வேலைக்கு மட்டும் போய்வந்தேன்.

மழை பிடித்து உப்பளத்தில் வேலை நின்றதும் அப்பா ஒரு நாள், கூட்டாளி ஒருத்தரோடு திருப்பதி போய்வரப் போவதாகச் சொன்னார். எனக்காக வேண்டுதல் என்றார். கோபமெல்லாம் போய் எனக்கு மனசு இளகிவிட்டது. "எனக்கும் சேத்துக் கும்புட்டுட்டு வாப்பா" என்றேன். நான்தான் சொன்னேன். தினம் மலை இறங்குகிறவர்களை எண்ணிச் சிரித்த அதே நான்.

போனவர் சொன்ன நாளில் வரவில்லை. கூட்டம், அப்படியே காளஹஸ்தியும் பார்த்துவிட்டு வருகிறாராம் என்று அம்மா சொன்னாள். வந்தபோது மொட்டை. கையில் லட்டுப் பொட்டலம். வாசலில் செருப்பை விட்டுவிட்டு உள்ளே வந்து, நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு, ஓரமாக, ஒருக்களித்து உட்கார்ந்தார். பக்கத்தில் போனேன். வார்டில் புண்ணுக்குப் போடுகிற பீட்டாடின் வாசனை அடித்தது.

அம்மா பொட்டலத்தைப் பிரித்து, லட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "கோயிந்தா, கோயிந்தா" என்றாள். கொஞ்சம் கிள்ளி என்னிடம் நீட்டினாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. அவளுக்கு ஆரம்பத்திலிருந்தே தெரியும். அது கோவில் லட்டு இல்லை, கடை லட்டு. நானும் கண்ணில் ஒற்றிக்கொண்டு வாயில் போட்டுக்கொண்டேன்.

அந்த விறைத்த கைலி. எத்தனை வருஷம். பையனின் அப்பா ஒருக்களித்து உட்கார்ந்ததைப் பார்த்துத் தலையணை எடுத்துப் போட்டாரே, ஒரு பார்வையில் அப்பாவுக்குத் தெரிந்திருக்கிறது. அம்மா வேலையை விடச் சொன்னது என் கல்யாணத்துக்காக மட்டும் இல்லை. நாலு ஸ்டாப் தள்ளி இருக்கிற ஆஸ்பத்திரியில், ஊரில் பாதிப் பேர் போய்க் குணமாகி வந்த வார்டில், என் அப்பாவால் மட்டும் போய்ப் படுக்க முடியவில்லை. அங்கே திரையை இழுக்கிறவள் அவர் பெண். நான் வேலையை விட்டிருந்தால் அவர் போயிருக்கலாம். விட வேண்டாம் என்று சொல்லிவிட்டு எங்கோ தூரத்தில் போய் அறுத்துக்கொண்டு, தையல் பிரிக்காத உடம்போடு பஸ்ஸில் குலுங்கி வந்திருக்கிறார். அழக்கூடப் பயமாக இருந்தது, அழுதால் எனக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரிந்துவிடும்.

மறுநாள் டியூட்டி முடிந்து வரும்போது பஞ்சு, துணிக்கட்டு, பிளாஸ்திரி, பீட்டாடின் பாட்டில் எல்லாம் மெடிக்கல் ஷாப்பில் வாங்கி வந்து, "வூட்ல இருக்கட்டும், எப்பவாச்சும் உதவும்" என்று பொதுவாகச் சொல்லி அலமாரியில் வைத்தேன்.

அதற்கடுத்த நாள் எனக்கு மதிய டியூட்டி. அம்மா களையெடுக்கப் போயிருந்தாள். அவளுக்கு ரத்தம் கண்டால் மயக்கம் வரும், வீட்டில் இருந்திருந்தாலும் உதவி செய்திருக்க முடியாது. அப்பா அலமாரியிலிருந்து எதையோ எடுத்துக்கொண்டு உள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நான் அடுப்படியில் இருந்தேன். பிளாஸ்திரி கிழிகிற சத்தம் கேட்டது. மறுபடி கேட்டது. ஒட்டாமல் மறுபடியும் கிழிக்கிறார். பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு முனகல். ஆறு மாதமாக ஊரான் எத்தனை பேருக்கு இந்தக் கையால் கட்டியிருக்கிறேன். என் வீட்டில், என்னை வெளியே வைத்துவிட்டு, அப்பா தன்னந்தனியாக அல்லாடுகிறார். கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். கழுவிவிட்டு, கதவுக்கு வெளியே ஈரக்கையோடு முதுகைக் காட்டி நின்றேன். நிழல் தெரிந்திருக்க வேண்டும்.

"ஏம்மா" என்றார் உள்ளேயிருந்து. "பஸ்ல ஏறும்போது கால்ல கொஞ்சம் கீறிக்கிச்சு. இந்த மருந்த எப்பிடி வெக்கறது?"

"பஞ்ச மருந்துல நனச்சுக்க. தையல் மேல ஒரே பக்கமாத் துடப்பா, தேய்க்காத" என்றேன்.

சொன்ன பிறகுதான் உறைத்தது. அவர் தையல் என்று சொல்லவே இல்லை. உள்ளே சத்தம் நின்றுவிட்டது. என் காது இரண்டும் கொதித்தது. திரும்பி ஓடிவிடலாம் என்றுதான் இருந்தது, முதல் நாள் வார்டில் இருந்ததைப் போலவே. ஓடினால் அந்தக் கட்டை அவர் எப்படிக் கட்டுவார்? கண்ணை மூடிக்கொண்டு, தொண்டையைச் செருமி, வார்டுக் குரலை வரவழைத்துக்கொண்டேன்.

"துடைச்சிட்டீங்களா? இப்ப வெள்ளைத் துணிய நாலா மடிச்சு மேல வைங்க. பிளாஸ்திரி வேணாம், அங்க நிக்காது. கோவணம் மாதிரி தூக்கிக் கட்டிக்கங்க. தொங்க விட்டா வலிக்கும். நடக்கும்போது மெதுவா நடங்க. பயப்பட ஒண்ணுமில்ல, சீக்கிரம் ஆறிடும்."

என் அப்பாவை நான் வாங்க போங்க என்று பேசியது அதுதான் முதல் தடவை. உள்ளே துணி மடிகிற சத்தம் கேட்டது. நான் அங்கேயே நின்றிருந்தேன்.

"சரிங்க சிஸ்டர்" என்றார் அப்பா.